நங்கூரக் கல்லில் ஒட்டி வந்த உலர்ந்த மண்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது கணக்கு. படகில் போய் எண்ணினால் அத்தனையும் கண்ணில் படாது. கீழக்கரைத் தொகுதியில் இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியில் இருந்த விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள முன்னால் எதுவும் மிஞ்சாமல் போனது அதற்குப் பெரிய காரணம். பட்டியலில் பெயர் இருக்கிறது. போய் நிற்க மண் இல்லை.

ஒரு ஆளைத் தூங்கவிடாமல் செய்ய இந்த ஒரு தகவலே போதும். இருந்தும் ராமநாதபுரக் கரையை வைத்து விசித்திரக் கதை எழுத உட்காருகிறவர்களின் கை முதலில் போவது வெள்ளைச் சேலைக்கும் கொலுசுச் சத்தத்துக்கும்தான். குறை அவர்களுடைய கற்பனையில் இல்லை. எந்த உணர்ச்சியை எழுப்பப் போகிறோம் என்பதில் தெளிவில்லாததும், எழுதியதைச் சரியான ஆட்களுக்கு வாசித்துக் காட்டாததுமே குறை.

புத்தகக் கடையில் மர்மம், திகில், பேய்க்கதை, அமானுஷ்யம் எல்லாம் ஒரே அடுக்கில் கிடக்கும். எழுதுகிறவருக்கு அந்த அடுக்கு உதவாது. மர்மக் கதையில் முடிச்சு ஒன்று விழும், பிறகு அவிழும். பேய்க்கதையில் பேய்க்கு ஒரு நியாயம் உண்டு: கொலை, துரோகம், தீராத ஆசை. அதைத் தீர்த்துவைத்தால் பேய் போய்விடும். விசித்திரக் கதையில் உலகத்தின் ஏதோ ஒரு விதி தவறிக் கிடக்கிறது. அதற்கு யாரும் பொறுப்பில்லை, பரிகாரமும் கிடையாது. அதைப் பார்த்தவர் பார்த்ததைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டுக்கு வெளியூரில் போய்ச் சொல் தேட வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும், வியப்பு என்று பொருள்படும் மருட்கையையும் தனித்தனியாக வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மருட்கை பிறக்கும் இடங்களும் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்பதை ஒன்று வேறொன்றாக ஆவது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் பேய்க்கதைகள் பெரும்பாலும் முதல் நான்கிலேயே, அதிலும் பேயும் தெய்வமும் அடங்கிய அணங்கிலேயே நின்றுவிடுகின்றன. விசித்திரக் கதை மருட்கையில் தொடங்கி அச்சத்தில் போய் முட்டும். வரிசை மாறி அச்சத்தில் தொடங்கிவிட்டால் அப்புறம் மருட்கைக்கு இடமே கிடைக்காது. பயந்தவன் கண்ணை மூடிக்கொள்வான். வியந்தவன்தான் இன்னும் ஓரடி கிட்டே போவான்.

மருட்கையின் இந்த நான்குக்கும் இந்தக் கரையில் பஞ்சமே இல்லை. 2019 செப்டம்பரில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் கடல் பச்சையாகிப் போனது. மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வருவது அது. தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் குறைந்து மீன் மூச்சு முட்டிச் சாகிறது. இரவில் துடுப்பு போட்டால் அதே தண்ணீர் ஒளிரவும் செய்யும். புதுமைக்கு இது போதும். பெருமைக்குக் கடலே இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை. சிறுமைக்குக் குருசடைத் தீவின் மணலுக்குள் வாழும் ஒரு புழு: முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் நிற்கிற உடலமைப்பு கொண்டது என்பதால் விலங்கியல் மாணவர்கள் அதைத் தேடி வந்திருக்கிறார்கள். ஆக்கத்துக்குக் கடல் அட்டை. ஆபத்து வந்தால் சில வகை அட்டைகள் தம் குடலையே வெளியே கக்கிவிட்டு நழுவும். பிறகு உள்ளே புதுக்குடல் வளரும். குடலைக் கொடுத்து உயிரை வாங்கிக்கொள்கிற ஒன்று நம் முழங்கால் ஆழத்தில் கிடக்கிறது.

இன்னொன்று நேரம் பற்றியது. இதை யாரும் கதையாக்கியதாகத் தெரியவில்லை, ஆக்கினால் நன்றாக வரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1996 மே மாதம் இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தார்கள். அந்தப் பத்து ஆண்டும் இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு, எதிர்க்கரையில் இருந்து தமிழில் பேசுகிற குரல் சொல்லும் மணியும் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போகாது. இதில் மாயம் ஒன்றும் கிடையாது, வெறும் அரசாணை. ஆனால் ஒரு சாவுச் செய்தி அங்கே இருந்து வந்தால், அது நடந்த நேரம் இங்கே இன்னும் வராத நேரமாக இருக்கும்.

கவனித்தால் ஒன்று புரியும். இவை எல்லாவற்றிலும் விசித்திரத்தைத் தாங்குவது ஒரு அளவு: 21 தீவு, அரை மணி, முழங்கால் ஆழம். அளவு சரியாக இருந்தால்தான் அது தவறும்போது வாசகருக்கு உறைக்கும். ‘எல்லையற்ற ஆழம்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எல்லை எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் காட்டியாக வேண்டும்.

கல்லை இறக்கிப் பார்ப்போம்

ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொள்வோம். வத்தை என்ற நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர் மூழ்கிய தீவு இருந்த இடத்தில் இரவில் நங்கூரக் கல்லை இறக்குகிறார். அங்கே ஆழம் இரண்டு பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. கயிறு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. முதல் படியில் பலரும் இதை இப்படித்தான் எழுதுவார்கள்:

“கயிறு முடிவில்லாமல் உள்ளே போனது. அவன் முதுகுத்தண்டு சில்லிட்டது. இனம் புரியாத பயம் அவனைக் கவ்வியது. அந்த ஆழத்தில் ஏதோ ஒரு சக்தி தனக்காகக் காத்திருப்பதை அவன் உணர்ந்தான்.”

நான்கு வாக்கியம், நான்கும் வாசகர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிடுகின்றன. ‘முடிவில்லாமல்’ அளவை அழிக்கிறது. ‘சில்லிட்டது’ பயத்தை வாசகருக்கு முன்பே பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ‘ஏதோ ஒரு சக்தி’ எதையும் காட்டவில்லை. இரண்டாம் படியில் உணர்ச்சிச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு எண்ணை உள்ளே விடுகிறோம்:

“பதினெட்டாம் பாகத்தில் கயிறு தீர்ந்தது. கல் தரை தட்டவில்லை. இழுத்தான். முதல் இரண்டு பாகம் ஈரம். அதற்குக் கீழே இருந்த கயிறு நனையவே இல்லை.”

இது பரவாயில்லை. ஆனால் கடலுக்குப் போகிற ஒருவர் முன்னால் வாசித்தால் இரண்டு இடத்தில் நிறுத்திவிடுவார். முதல் கேள்வி: “வத்தையில பதினெட்டு பாகம் நங்கூரக் கயிறு யாரு வச்சிருக்கா? அஞ்சாறு பாகத்துத் தண்ணில தொழில் பாக்குறவனுக்கு அது எதுக்கு?” இரண்டாம் கேள்வி இன்னும் கூர்மையானது: “கீழ நனையலைன்னே வச்சுக்குவோம். மேல இழுக்கும்போது அந்த ரெண்டு பாகம் தண்ணிக்குள்ளதான வரணும்? அப்ப நனையாதா?”

இரண்டும் நூற்றுக்கு நூறு நியாயமான கேள்விகள். எழுதியவர் ‘இது கற்பனைதானே’ என்று சமாளித்தால் கதை அங்கேயே செத்தது. கேள்வியை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கயிறு எட்டு பாகம்தான். அது தீர்ந்ததும் அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வலையின் மேல்கயிற்றை அவிழ்த்து அதோடு முடிகிறான். அந்த முடிச்சைப் போட்டதுதான் கதையின் உண்மையான திருப்பம். கடல் அவனை இழுக்கவில்லை, அவனாகவே இன்னும் ஓரடி கிட்டே போகிறான். இரண்டாம் கேள்விக்குப் பதில் தேடினால் மூன்றாம் படி வருகிறது:

“கல்லைத் தூக்கி அணியத்தில் வைத்தான். சொட்டச் சொட்ட ஈரம். கயிறு கோக்கிற துளையில் மண் அடைத்திருந்தது. நகத்தால் கிளறினான். மேல்மண் சேறு. உள்மண் காய்ந்து பொடிப்பொடியாக வந்தது. சூடாக இருந்தது, மத்தியான வெயிலில் கிடந்த மண்ணைப் போல. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.”

துளைக்குள் இறுகிய மண் இரண்டு பாகம் நீரைக் கடந்து வருகிற சில நொடிகளில் முழுக்க நனையாது. இப்போது அந்த மீனவரும் மறுக்க முடியாது. அவர் சொன்ன திருத்தம்தான் அந்தச் சூட்டைக் கதைக்குள் கொண்டுவந்தது. விசித்திரக் கதையைச் சேர்ந்து வாசிப்பதால் கிடைக்கும் முழுப் பயனும் இந்த ஒரு இடத்தில் அடங்கியிருக்கிறது. தொழில் தெரிந்தவர் மூடுகிற ஒவ்வொரு ஓட்டையும், விசித்திரம் தப்பித்து ஓட முடியாத இடமாக மாறுகிறது.

இந்த வகை எழுத்து பிறந்ததும் வளர்ந்ததும் வாசகர்களோடு சேர்ந்துதான். அமெரிக்காவில் 1923 மார்ச்சில் வெளிவரத் தொடங்கிய ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் ‘தி அய்ரி’ என்ற வாசகர் கடிதப் பகுதி இருந்தது. அதில் எழுதிய வாசகர்கள் கதைகளை அலசினார்கள், சிலர் பின்னால் தாங்களே எழுத்தாளர்கள் ஆனார்கள். அந்த இதழில் எழுதிய லவ்கிராஃப்ட் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவர். மற்றவர்களின் படிகளைத் திருத்தினார், தன் கதையில் வரும் பெயர்களை அவர்கள் எடுத்தாள விட்டார். 1937இல் அவர் இறந்தபோது அவர் கதைகளுக்கு முறையான தொகுப்பு கிடையாது. கடித நண்பர்களான டெர்லெத்தும் வாண்ட்ரியும் 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கித்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள். தமிழில் புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யில், நடந்தது நிஜமா மனமயக்கமா என்று கடைசிவரை தீர்ப்பு சொல்லாமல் விட்ட துணிச்சலை நாம் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

வாசிப்பு உட்காருவது

ஆறு முதல் எட்டு பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு பேராவது கடல் தொழில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் கரைக்கு வெளியே, பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவராக இருப்பது நல்லது. அணியம், பார், ஓங்கல் என்று சொற்கள் வரும்போது கதை அவருக்குப் புரிகிறதா, இல்லை சொல்லிலேயே தடுக்கி விழுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சொல்லுக்குப் பொருள் கொடுக்க அடைப்புக்குறி போட வேண்டாம். வாக்கியமே காட்டிக்கொடுக்க வேண்டும். ‘அணியத்தில் நின்று முன்னால் பார்த்தான்’ என்றால் அணியம் படகின் முன்பக்கம் என்று எவருக்கும் விளங்கும்.

காலம் முக்கியம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பழுது பார்ப்பதும் படகைக் கரையேற்றி வேலை செய்வதும் பகலில் நடக்கும், சாயங்காலம் ஆட்கள் கிடைப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது என்பதால் அவர்களுக்கு ஏற்ற நாளைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இடத்தைப் பொறுத்தவரை, அரிச்சல்முனையில் உட்கார்ந்து வாசிக்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே இருட்டிய பிறகு ஆட்களை இருக்க விடுவதில்லை, காற்றில் பத்தடி தள்ளி இருப்பவருக்குப் பாதி வாக்கியம்தான் கேட்கும். நாலு சுவரும் ஒரு மின்விசிறியும் உள்ள இடமே மேல். கதை நன்றாக இருந்தால் கடல் தானே உள்ளே வரும்.

உரக்க வாசித்தால் 2,000 சொல் கதைக்கு இருபது நிமிடம் ஆகும். எழுதியவரே வாசிக்கக் கூடாது. அவர் குரலிலேயே ஓட்டைகளை அடைத்துக்கொண்டு போய்விடுவார். வேறொருவர் முன்கூட்டிப் பார்க்காமல் வாசிக்கட்டும். அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தில் எழுதியவர் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வாசித்து முடித்ததும் ‘பயமாக இருந்ததா?’ என்று கேட்பது வீண். மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். எந்த இடத்தில் நம்பத் தொடங்கினீர்கள்? எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது? பதில் வரும் வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் கதையை விட்டுவிட்டு அந்த விளக்கத்துக்கு மார்க் போடத் தொடங்கிவிடுவார்கள்.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. முதல் கதை முடிந்ததும் யாராவது, ‘இது மாதிரிதான் எங்க சித்தப்பாவுக்கு...’ என்று ஆரம்பிப்பார். அப்புறம் இரவு முழுக்க முனி, கொள்ளிவாய்ப் பிசாசு, நடுக்கடலில் கேட்ட குரல் என்று போய், அடுத்த இரண்டு கதைகள் வாசிக்கப்படாமலே கலைய வேண்டிவரும். அதைத் தடுக்க நினைப்பதும் தவறு, ஏனென்றால் அது மூலப்பொருள். முதல் அரை மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். சொன்னவர் சம்மதித்தால் மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் வீட்டுச் சாவைக் கேட்காமல் எடுத்துக் கதையாக்கினால் அந்த ஊரில் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

காற்று, நிலவு, கடல்

தெரிந்த வாசகரின் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் பேய் வருகிற இடத்தில் கிடையாது. காற்றும் நிலவும் பிசகுகிற இடத்தில்தான்.

தனுஷ்கோடி மணலில் நின்றால் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். ஒன்று குளம்போல, மற்றது சீறிக்கொண்டு. சுற்றுலா வந்து எழுதுகிறவர்கள் இதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்வார்கள். கச்சான் என்ற மேல்காற்றும் சோழகம் என்ற தென்காற்றும் வீசுகிற காலத்தில்தான் அந்த நிலை. வாடை திரும்பிவிட்டால் பெண் கடல் பொங்கும், தெற்குப் பக்கம் அடங்கும். மார்கழியில் நடக்கிற கதையில் வடகடலைக் கண்ணாடிபோல் படுக்கவைத்தால் கேட்கிறவர் முதல் பத்தியிலேயே கழன்றுவிடுவார். இதையே தெரிந்து செய்தால் அதுவே கதை: மார்கழி, வாடை ஊளையிடுகிறது, பெண் கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நிலவில் இன்னும் அதிகம் தவறு வரும். நடுச்சாமத்தில் கிழக்கே மூன்றாம் பிறை எழுந்தது என்று எழுதுவார்கள். மூன்றாம் பிறை மேற்கே, அந்தி சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். முழுநிலவு பொழுது சாயும்போது எழும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வரும். ஒரு தினசரி நாட்காட்டியும் இந்தக் கணக்கும் கையில் இருந்தால் எந்த இரவையும் சரியாக எழுதிவிடலாம். ஏற்றவற்றமும் அப்படித்தான். இந்தப் பகுதியில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. ‘கடல் ஒரு மைல் உள்வாங்கியது’ என்று வெளிநாட்டுக் கதையில் படித்ததை இங்கே கொண்டுவந்தால், அது சுனாமி அறிகுறி என்றுதான் கேட்கிறவர் மனம் போகும்.

தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவை எழுதுகிறவர்கள் பலரும் அதை அமாவாசை இருட்டாக்கிவிடுகிறார்கள். அந்த மாதம் 19ஆம் தேதி முழுநிலவு, முழுச் சந்திர கிரகணமும் அன்றுதான். எனவே 22ஆம் தேதி இரவு ஒன்பது மணி வாக்கில் தேய்பிறை நிலவு எழுந்திருக்கும், புயல் மேகத்துக்குப் பின்னால். நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலுக்கு மேலே அது இருந்தது, யாருக்கும் தெரியாமல். நூறுக்கு மேற்பட்ட பயணிகளோடு அந்த ரயில் கடலுக்குள் போனது. இன்றும் அந்தக் குடும்பங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. ‘ஆவி ரயில்’ எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். அந்த இரவைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் மணலில் இன்னும் நிற்கிற தேவாலயச் சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ எடுத்துக்கொண்டு, இறந்தவர்களைப் பேசவைக்காமல் எழுதுவதே மரியாதை.

இதேபோல் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி கட்டியிருந்ததால் இறந்தார்கள். விசித்திரக் கதையில் ‘கடைசியில் அவன் பைத்தியம் ஆனான்’ என்பது தேய்ந்துபோன முடிவு. எங்கும் தேய்ந்ததுதான், இந்தக் கரையில் அது கொடுமையும்கூட. மனநோயை விசித்திரத்தின் தண்டனையாகக் காட்டாமல் ஒரு கதையை முடிக்கத் தெரியவில்லை என்றால் அந்தக் கதை இன்னும் தயாராகவில்லை.

கடலில் இருந்து வருகிற அந்நியர் என்ற பழைய சரக்கும் அப்படியே. லவ்கிராஃப்டின் பல கதைகளில் குடியேறி வந்தவர்கள்மீது அவருக்கு இருந்த வெறுப்பு அப்பட்டமாகத் தெரியும். அவர் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளும்போது இந்த விஷமும் ஒட்டிக்கொண்டு வரும். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாம் இருக்கிற ஊர் இது. 2022இல்கூட இலங்கையிலிருந்து குடும்பங்களைக் கூட்டிவந்த படகுகள் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போயின, பிள்ளைகளோடு. இருட்டில் நீருக்குள்ளிருந்து எழுந்து நடந்து வருகிற உருவம் நமக்குப் பூதமாகத் தெரியக் கூடாது. பயப்பட வேண்டியது அந்தத் திட்டில் நிற்கிறவரின் பக்கத்திலிருந்து எழுதினால் எவ்வளவோ இருக்கிறது: கால் வைத்திருக்கிற மண் ஏற்றத்தில் சுருங்கிக்கொண்டே வரும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினத்து வீடுகளில் ஜின் என்று சொல்வதைப் பேய் என்று மாற்றிப் போடக் கூடாது. நம்பிக்கையின்படி ஜின்கள் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட தனிப் படைப்பு. அவற்றில் நல்லவையும் உண்டு, தொழுபவையும் உண்டு. செத்தவர் ஜின் ஆக முடியாது. தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒரு வகையில் பயப்படும், உச்சிப்புளிப் பக்கத்து முனி கோயில் குடும்பம் வேறு வகையில் பயப்படும். எல்லாவற்றையும் ‘அமானுஷ்ய சக்தி’ என்று ஒரே வாளியில் கொட்டினால் மூன்று வீட்டுக்காரர்களும் நம்ப மாட்டார்கள்.

எவ்வளவு காட்டுவது என்ற கேள்விக்கு உத்தரகோசமங்கை நல்ல பாடம். அங்கே மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனத்தைக் களைவார்கள், அன்று கூட்டம் தாங்காது. 2,000 சொல் கதையில் விசித்திரம் வெறுமேனியாக நிற்கிற இடம் நூறு, நூற்றைம்பது சொல்லைத் தாண்டினால் அதிகம். மிச்சமெல்லாம் சந்தனம்: வேலை, கூலி, சாப்பாடு, காற்று. அந்தச் சந்தனம் அசல் சந்தனமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு பாடு.

படியெடுத்துக் கொடுப்பது

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டாவது கை மாறும்போதே எழுதியவர் பெயர் உதிர்ந்துவிடும். ‘உண்மைச் சம்பவம்’ என்ற தலைப்பு யாராவது ஒட்டியும் விடுவார்கள். விசித்திரக் கதைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. பெயரையும் ‘கதை’ என்ற சொல்லையும் முதல் வரியிலேயே சேர்த்து, பிடிஎஃப் ஆக அனுப்பினால் ஓரளவு தாங்கும். குரல் பதிவு என்றால் அறைக்குள் இருந்து, போனின் மைக் மேல் ஒற்றை மடிப்புத் துணி போட்டுப் பதிய வேண்டும். இல்லையென்றால் காற்று கதையைத் தின்றுவிடும்.

கையில் கொடுக்கச் சிறு கையேடே நல்லது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம், நான்கு தாளுக்குப் பதினாறு பக்கம். 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 150 முதல் 170 சொல் பிடிக்கும், ஆகவே ஒரு கதைக்கு ஒரு கையேடு சரியாக வரும். பக்க வரிசையில் குழம்ப வேண்டாம். ஒரே தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும்: 16ம் 1ம், 2ம் 15ம், 14ம் 3ம். நகலெடுக்கும்போது பின்பக்கம் தலைகீழாக விழுந்தால் இயந்திரத்தில் தாளை நீளப் பக்கமாகத் திருப்பும்படி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குறுகிய பக்கமாகத் திருப்பச் சொல்ல வேண்டும்.

ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை ஊறி, தாள் அங்கேயே இற்றுவிடும். முதுகில் மூன்று துளை போட்டு நூலால் தைக்கலாம்: நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலிருந்தும் நான்கு சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொன்று. அரை மீட்டர் பருத்தி நூல் போதும். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்தால் நூலின் இரண்டு முனையும் ஒரே இடத்தில் சேரும். இடையில் ஓடுகிற நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கமாக முனைகளை விட்டு முடிச்சுப் போட வேண்டும். கையெட்டும் தூரத்தில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு கிடக்கிறதே என்று அதை எடுத்துத் தைத்தால் முடிச்சு வழுக்கும், பத்து முறை திறந்து மூடுவதற்குள் தாளை அறுத்துவிடும்.

கடைசி இரண்டு பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். வாசிக்கிறவர் நம்பிக்கை விட்டுப்போன இடத்தைப் பக்க எண்ணோடு அதில் எழுதட்டும். அடுத்த படியில் அந்தத் திருத்தத்தைச் சேர்த்தால், சொன்னவர் சம்மதித்தால், அவர் பெயரும் அச்சேறட்டும். டீக்கடையிலோ படிப்பகத்திலோ கையேட்டை வைப்பதாக இருந்தால் பேனா வைக்க வேண்டாம். ஈரக்காற்றில் மை ஊறிப் பரவும். ஒரு பென்சிலை வாங்கி, கையேடு தைத்த நூலில் மிச்சத்தை எடுத்து, அதன் வாலில் கட்டி வையுங்கள்.